படிப்பெட்டியும் பழைய சைக்கிளும்: சோதனை முடிவு பிழைத்தால் எங்கே தேடுவது?

கொட்டாஞ்சேனையில் ஒரு சனசமூக நிலைய மண்டபத்தில் சனிக்கிழமை காலைகளில் அயலில் உள்ள ஆக்களுக்கு உடற்தகுதிச் சோதனை செய்கிறோம். இருதயமும் நுரையீரலும் சேர்ந்து எவ்வளவு வேலை தாங்கும் என்று பார்ப்பதுதான் நோக்கம், ஜிம்காரர்கள் வீஓ2 மேக்ஸ் என்பார்களே, உச்ச உழைப்பில் உடல் எடுக்கும் ஒட்சிசன் அளவு, அதுதான். முகமூடி போட்டு மூச்சுக்காற்றை அளக்கும் இயந்திரம் வாங்க எங்களால் முடியாது. அதனால் பலகைப் பெட்டி ஒன்றும், பழைய சைக்கிளில் செய்த பிரேக் சைக்கிள் ஒன்றும், தாளம் தட்டும் ஒரு மெட்ரோனோமும், நாடி பார்க்கும் விரல்களும் வைத்துத்தான் வேலை நடக்கிறது. இதே மாதிரி செய்து பார்க்கிற பலர் "இலக்கம் சரிவரவில்லை" என்று கேட்கிறார்கள். நாங்கள் பட்டதை வைத்து, என்ன அறிகுறி கண்டால் எங்கே கை வைப்பது என்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. மலிவாகச் செய்ததால் முடிவு பிழைக்கும் என்று இல்லை. அளந்து பார்க்காமல் விட்டால்தான் பிழைக்கும். நாம் சொல்லும் இலக்கத்தைக் கேட்டு ஒருவர் பயந்து வீட்டுக்குப் போகலாம், இன்னொருவர் தைரியமாகப் போய் அளவுக்கு மீறி ஓடலாம். ஆகவே ஆளைக் குறை சொல்ல முதல் கருவியைச் சந்தேகப்படுங்கள்.

பெட்டியில் ஏறியவர்களுக்கு மூச்சு வாங்க முதல் தொடை விட்டுப்போகிறது

பெட்டி அவர்களுக்கு உயரம். குயின்ஸ் கல்லூரிச் சோதனை என்ற படியேறும் சோதனைக்கு 41.3 செ.மீ. உயரம், 3 நிமிடம், ஆண்களுக்கு நிமிடத்துக்கு 24 தடவை, பெண்களுக்கு 22 தடவை (இரண்டு காலும் ஏறி இறங்கினால் ஒரு தடவை). அந்த உயரம் நியூயோர்க்கில் உள்ள அந்தக் கல்லூரி உடற்பயிற்சி மண்டபத்தின் பார்வையாளர் படிக்கட்டை வைத்து வந்தது, நமது அன்ரிமாரின் காலை வைத்து வந்ததல்ல. ஐந்தடி உயரமுள்ள ஒருவர் அதில் ஏறும்போது முழங்கால் மடிகிற மடிப்பைப் பக்கத்தில் நின்று பாருங்கள், விளங்கும். கால் களைத்து நின்றால் இருதயத்தைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியவராது. அப்படிப்பட்டவர்களுக்கு வைஎம்சிஏ முறைக்குப் போங்கள்: 12 அங்குலம், அதாவது 30.5 செ.மீ., நிமிடத்துக்கு 24 தடவை, 3 நிமிடம், முடிந்ததும் இருத்தி 5 செக்கனுக்குள் தொடங்கி முழு நிமிடம் நாடி எண்ண வேண்டும். வயதானவர்களுக்கு அதுவும் கடினம் என்றால் செஸ்டர் சோதனை இருக்கிறது, அதில் பெட்டி 15 செ.மீ. இலிருந்து தொடங்கலாம், வேகமும் நிமிடத்துக்கு 15 தடவையில் ஆரம்பித்து 2 நிமிடத்துக்கு ஒருமுறை 5 கூடும்.

ஆனால் ஒரு சோதனையின் பெட்டியில் ஏற்றிவிட்டு இன்னொரு சோதனையின் சமன்பாட்டில் போடக்கூடாது. இது நிறைய இடத்தில் நடக்கிறது.

பெட்டி உயரம் ஒரு செ.மீ. பிழைத்துவிட்டது, உடைத்துத் திரும்பச் செய்ய வேண்டுமா?

வேண்டாம். இதைக் கணக்காகவே பார்ப்போம், ஏனென்றால் எதில் மினக்கெடுவது, எதை விடுவது என்று இதில்தான் தெரியும். படியேற்றத்துக்கு அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் சமன்பாடு இது: ஒட்சிசன் = 3.5 + 0.2 × வேகம் + 1.33 × 1.8 × உயரம் × வேகம். வேகம் என்பது நிமிடத்துக்கு எத்தனை தடவை, உயரம் மீற்றரில், விடை ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்கு மில்லிலீற்றரில். 30.5 செ.மீ. பெட்டியில் 24 தடவை ஏறினால் 25.8 வரும். பெட்டி ஒரு செ.மீ. குறைந்தால் 0.6 அளவு குறையும். அதே ஆள் தாளத்தைப் பிடிக்காமல் 24க்குப் பதிலாக 20 தடவை ஏறினால் 22.1 ஆகிவிடும், 3.7 போய்விட்டது. குயின்ஸ் கல்லூரி முறையில் நாடியை 15 செக்கன் எண்ணி 4 ஆல் பெருக்குவீர்கள், அதில் ஒரே ஒரு துடிப்பு கூடக்குறைய எண்ணினாலே ஆண்களின் சமன்பாட்டில் 1.7 மாறும்.

ஆக ஓடாவியிடம் மில்லிமீற்றர் கேட்டுச் சண்டை பிடிக்கிற நேரத்தை நாடி எண்ணப் பழகுவதில் செலவழியுங்கள். பெட்டி ஆடாமல், மேற்பலகை தொய்யாமல், கால் வழுக்காமல் இருக்க வேண்டும், அதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். எங்களுடையது மொரட்டுவையில் ரப்பர் மரச் சட்டம் அடித்து, 18 மி.மீ. பிளைவுட் போட்டு, மேலே பழைய ரப்பர் பாயை ஆணியால் அல்ல, பசையால் ஒட்டியது. கீழே நான்கு மூலையிலும் ரியூப் துண்டு. ஆள் ஏறி நிற்கும்போது உயரத்தை அளந்து பெட்டியின் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறோம்.

தாளம் பிடிக்க முடியாதவர்களுக்கு வாயால் சொல்லிக் கொடுங்கள்: மேல், மேல், கீழ், கீழ். நான்கு சொல்லுக்கு நான்கு அடி. 24 தடவை என்றால் மெட்ரோனோமை 96இல் வைக்க வேண்டும், 22க்கு 88. சிலர் 24 என்றே வைத்துவிட்டு "ஏன் ஒருவருக்கும் வியர்க்கவில்லை" என்று யோசிப்பார்கள். போனில் பாவிப்பதானால் பிளைட் மோடில் போடுங்கள், நடுவில் அழைப்பு வந்தால் தாளம் நிற்கும்.

கைக்கடிகாரம் 96ஐக் காட்டிக்கொண்டே நிற்கிறது

அது இருதயம் இல்லை, கால். மணிக்கட்டில் ஒளி பாய்ச்சி நாடி பார்க்கும் கடிகாரங்கள் அசைவு கூடும்போது காலடித் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். 24 தடவையும் நான்கு அடியும் 96 என்பதால் இந்த இலக்கம் கண்டவுடன் சந்தேகம் வரவேண்டும். கழுத்திலோ மணிக்கட்டிலோ விரல் வைத்து எண்ணிப் பாருங்கள், 140 அடித்துக்கொண்டிருக்கும். விரலில் மாட்டும் சின்னச் சென்சர்களுக்கு இன்னொரு குறை, ஏசி அறையில் விரல் குளிர்ந்தால் இரத்த ஓட்டம் குறைந்து இலக்கம் தாவும். கையை உரசிச் சூடாக்கிய பிறகு மாட்டினால் சரிவரும்.

நெஞ்சுப்பட்டி இருந்தால் நல்லது. முதல் ஒரு நிமிடம் மட்டும் 180, 60, 200 என்று தாறுமாறாக ஓடினால் பழுது என்று எடுத்துப்போடாதீர்கள், தோல் காய்ந்திருக்கிறது, பட்டியின் உட்பக்கத்தைத் தண்ணீரில் நனைத்துக் கட்டுங்கள். கொழும்புப் புழுக்கத்தில் கொஞ்ச நேரத்தில் வியர்வையே அந்த வேலையைப் பார்த்துவிடும்.

ஒரே ஆளுக்கு இரண்டு பேர் எண்ணினால் இரண்டு இலக்கம்

எண்ணத் தொடங்குகிற துடிப்பை ஒருவர் பூச்சியம் என்றும் மற்றவர் ஒன்று என்றும் எடுக்கிறார். 15 செக்கனில் அந்த ஒன்று, பெருக்கினால் நாலு. துடிப்போடு சேர்த்து நேரத்தைத் தொடங்கினால் அந்தத் துடிப்பு பூச்சியம், இதை எல்லாரும் ஒரே மாதிரிச் செய்யப் பழக்குங்கள். அடுத்தது தாமதம். நின்றவுடன் நாடி மளமளவென்று இறங்கும், முதல் நிமிடத்தில் 12க்கு மேல் இறங்குவதுதான் வழக்கம், பலருக்கு அதைவிட நிறைய. நாடியைத் தேடித் தடவிக்கொண்டிருந்தால் இலக்கம் குறைந்து, ஆள் உண்மையைவிட நல்ல நிலையில் இருப்பதாகத் தெரியும். குயின்ஸ் முறையில் நின்று 5ஆவது செக்கனில் இருந்து 20ஆவது வரை, அவ்வளவுதான். சோதனை தொடங்க முதலே நாடி கிடைக்கும் இடத்தைக் கண்டுபிடித்து பேனையால் சின்னப் புள்ளி வையுங்கள், நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். கழுத்தில் பார்ப்பதானால் ஒரு பக்கம் மட்டும், மெதுவாக. அழுத்தினால் நாடியே வேகம் குறையும்.

எக்செல்லில் போடுகிறவர்கள் இன்னொன்றும் பாருங்கள். குயின்ஸ் சமன்பாடு ஆண்களுக்கு 111.33 − 0.42 × நாடி, பெண்களுக்கு 65.81 − 0.1847 × நாடி. நாடி 160 வந்த ஒரு பெண்ணுக்கு 36.3 வரவேண்டும், ஆண்களின் வரியில் விழுந்தால் 44.1 என்று காட்டும். ஒருவரும் கவனிக்க மாட்டார்கள், ஏனென்றால் நல்ல இலக்கத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை.

போன கிழமை ஒன்று, இந்தக் கிழமை ஒன்று

வெயில், தேநீர், நித்திரை, படி. இந்த ஒழுங்கில் கேளுங்கள். புழுக்கத்தில் தோலைக் குளிர்விக்க இரத்தம் போவதால் அதே வேலைக்கு நாடி கூட அடிக்கும். ஏப்ரலில் பகல் 11 மணிக்குச் செய்ததையும் ஜனவரியில் காலை 7 மணிக்குச் செய்ததையும் ஒப்பிட்டு "உங்கள் தகுதி குறைந்துவிட்டது" என்று சொல்லாதீர்கள். நேரத்தை மாற்றாமல் வையுங்கள், ஒரே மின்விசிறி, ஒரே இடம், அறை வெப்பநிலையைக் கொப்பியில் எழுதுங்கள். வந்தவரை உடனே ஏற்றாமல் 10 நிமிடம் இருத்துங்கள், மூன்றாம் மாடிக்குப் படியேறி வந்தவரின் நாடி இறங்க நேரம் வேண்டும். தேநீர், சிகரெட் இரண்டும் குறைந்தது 3 மணி நேரத்துக்கு முதல்.

இன்னொரு விஷயம். சைக்கிளில் பாதி வேலை செய்ய வைத்து உச்ச அளவை நீட்டிக் கணிக்கும் முறைகள், உச்ச நாடியை வயதை வைத்து ஊகிக்கின்றன, 220 − வயது என்றோ 208 − 0.7 × வயது என்றோ. ஒரே வயதுக்காரர் இருவருக்குள் உண்மையான உச்ச நாடி 10, 12 துடிப்பு வித்தியாசப்படுவது சாதாரணம். கருவி எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்த இடைவெளி இருக்கும். அதனால் ஒருவரை அவரோடேயே ஒப்பிடுங்கள், பக்கத்து வீட்டுக்காரரோடு வேண்டாம்.

சைக்கிளில் எல்லாரும் அபாரத் தகுதி

இதில்தான் நாங்கள் பெரிதாகப் பிழை விட்டோம், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் சைக்கிளின் பின் சில்லில் டயர் இல்லை. இரும்பு ரிம்மைச் சுற்றி 50க்கு 6 மி.மீ. இரும்புப் பட்டையை வளைத்து வெல்டிங் பிடித்து, அதன் மேல் பஞ்சிகாவத்தையில் வாங்கிய கார் சீட் பெல்ட் நாடாவைப் போட்டிருக்கிறோம். நாடாவின் ஒரு முனையில் பாரம் தொங்கும், மறு முனை சட்டத்தில் கட்டிய ஸ்பிரிங் தராசில். மிதிக்க மிதிக்கச் சில்லு பாரத்தைத் தூக்கப் பார்க்கும், பெல்ட் உராயும், அதுதான் வேலை. சில்லின் சுற்றளவு 1.98 மீற்றர், முன் பல்சக்கரம் 48 பல், பின் 16 பல், ஒரு மிதிக்குச் சில்லு 3 சுற்று, 5.94 மீற்றர். சோதனைக்கூடங்களில் பாவிக்கும் மொனார்க் சைக்கிளில் இது 6 மீற்றர், கிட்டத்தட்ட ஒன்றேதான்.

2 கிலோ தொங்கவிட்டு நிமிடத்துக்கு 50 சுற்று மிதித்தால் 2 × 5.94 × 50 = 594, அதை வாட்டாக மாற்ற 6.12 ஆல் பிரித்தால் 97 வாட். இப்படித்தான் இரண்டு மாதம் கணக்குப் போட்டோம். வந்த எல்லாருக்கும் நல்ல முடிவு, எங்களுக்கும் சந்தோஷம். பிறகு ஒரு நாள் கிராண்ட்பாஸ் வெல்டிங் பாஸ் சங்கிலி பார்க்க வந்தவர், ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்பிரிங் தராசின் முள்ளைக் காட்டிக் கேட்டார்: "தம்பி, இங்கே அரைக் கிலோ நிற்குதே, இதை யார் பிடித்துக்கொண்டிருக்கிறது?"

அதுதான் விஷயம். உராய்வு விசை தொங்கும் பாரம் மட்டுமல்ல, தொங்கும் பாரத்தில் தராசு காட்டுவதைக் கழித்தது. 2 இல் 0.5 போனால் 1.5. அப்போது 97 வாட் இல்லை, 73 வாட். 60 கிலோ ஆளுக்கு, 7 + 10.8 × வாட் ÷ எடை என்ற கணக்கில், அந்தப் பாரத்தில் எடுக்கும் ஒட்சிசன் 24.5 என்று சொன்னது உண்மையில் 20.1. அதிலிருந்து உச்ச அளவை நீட்டிக் கணிக்கும்போது பிழையும் சேர்ந்து நீளும். கொப்பியைப் பார்த்து அந்த இரண்டு மாதமும் வந்த எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டுச் செய்தோம். வெட்கமாக இருக்கிறது என்று விட்டுவிடும் விஷயம் அல்ல இது.

இப்போது தராசின் முள்ளை ஒவ்வொரு நிமிடமும் ஒருவர் வாசித்து எழுதுகிறார். பயணப்பெட்டி நிறுக்கும் டிஜிட்டல் தராசு வேண்டாம், அதில் பல ஒரு இலக்கத்தைப் பிடித்துவிட்டு அப்படியே நிற்கும், ஓடும்போது மாறுவது தெரியாது. மீன் கடையில் தொங்குகிற முள்ளுத் தராசு போதும். அதையும் பாரங்களையும் கடை ஒன்றில் முத்திரை குத்திய நிறைகல்லோடு வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், நாங்கள் பாவிக்கும் மணல் போத்தல்கள் எல்லாம் அப்படி நிறுத்து, மேலே எடை எழுதியவை.

பாரம் துள்ளுகிறது

ஒரு மிதிச்சுற்றுக்கு எத்தனை தடவை துள்ளுகிறது என்று எண்ணுங்கள். மூன்று தடவை என்றால் சில்லில் பிழை, அது ஒரு மிதிக்கு மூன்று சுற்றுச் சுற்றுகிறது அல்லவா. எங்களுக்கு வெல்டிங் இணைப்பில் ஒரு மேடு இருந்தது, கண்ணுக்குத் தெரியாது, சில்லைக் கையால் மெதுவாக உருட்டி நகத்தை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் டிக் என்று தட்டும். அரத்தால் தேய்த்ததும் போய்விட்டது. மேடு இல்லையென்றால் சில்லு கோணல், கம்பிகளை இறுக்கித் தளர்த்தி நேராக்க வேண்டும்.

இரண்டு தடவை என்றால் அது கால்கள். வலம் ஒன்று, இடம் ஒன்று. சில்லு இலேசாக இருக்கிறது, ஒவ்வொரு மிதிக்கும் வேகம் கூடிக் குறைகிறது. வெறும் ரிம்மோடு தொடங்கியவர்களுக்கு இது கட்டாயம் வரும். எங்கள் இரும்புப் பட்டை 4.7 கிலோ அளவு பாரத்தை விளிம்பில் சேர்த்தது, அதன் பிறகு மிதிப்பு வழுவழுவென்று போகிறது. அலுமினிய ரிம்மில் இரும்பை வெல்டிங் பிடிக்க முடியாது, பழைய இரும்பு ரிம்மாகத் தேடுங்கள். ஒரு தடவை மட்டும் என்றால் முன் பல்சக்கரம் நடுவில் இல்லை அல்லது வளைந்திருக்கிறது.

பாரம் துள்ளாமல் நிலத்தில் போய்க் குந்தினால், பெல்ட்டைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள். சில்லு பாரத்தை மேலே இழுக்கும் பக்கமாகவே தொங்கவேண்டும்.

தொடக்கத்தில் சரி, மூன்றாம் நிமிடத்தில் தராசு முள் நகர்கிறது

மிதிக்கிற வேலை எல்லாம் சூடாகத்தான் போகிறது, 6 நிமிடத்தில் ரிம் கைக்கு இளஞ்சூடாக இருக்கும், நாடாவின் உராய்வும் மாறும். மழைக்காலத்தில் நாடா ஈரம் பிடித்திருந்தால் இன்னும் கூட. பாரமும் தராசும் இரண்டும் இருப்பதால் இது பெரிய பிரச்சினை இல்லை, அந்த நேரத்து முள்ளை எழுதிக் கழித்தால் சரி. ஸ்பிரிங்கை மட்டும் முறுக்கிப் பாரம் வைக்கும் அமைப்புகளில்தான் இது கண்ணுக்குத் தெரியாமல் ஏமாற்றும். நாடா கண்ணாடி மாதிரி மினுங்கினால் மாற்றுங்கள். கடற்கரைப் பக்கம் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு கிழமையும் ரிம்மை மண்தாளால் தேய்க்க வேண்டிவரும், உப்புக்காற்றில் ஒரே இரவில் துரு பூத்துவிடும். எண்ணெய் சங்கிலிக்கு மட்டும், ரிம்மில் ஒரு துளி விழுந்தாலும் அன்றைய சோதனை போச்சு.

எல்லாருக்கும் நாடி வழக்கத்தைவிடக் கூட

சைக்கிளில் எல்லாரும் அபாரத் தகுதி என்று வந்ததற்கு எதிர்ப்பக்கம். பெல்ட்டைக் கழற்றிவிட்டு 50 சுற்றில் 3 நிமிடம் மிதித்துப் பாருங்கள், நாடி கொஞ்சம்தான் ஏற வேண்டும். நன்றாக ஏறினால் சங்கிலியோ அச்சோ உங்கள் வேலையைத் திருடுகிறது, அது கணக்கில் வராது. அதுவும் இல்லையென்றால் இருக்கை தாழ்வு. மிதி கீழே போகும்போது முழங்கால் சற்றுத்தான் மடிந்திருக்க வேண்டும்.

சுற்று எண்ணும் கருவி 50க்குப் பதில் 100 காட்டுகிறது

காந்தச் சுவிட்ச் ஒரு தடவை மூடும்போது அதிர்ந்து இரண்டு தடவை எண்ணுகிறது. நிமிடத்துக்கு 50 சுற்று என்றால் 1.2 செக்கனுக்கு ஒன்று. எண்ணும் சின்ன மின்னணுப் பலகையின் (ஆர்டுயினோ) நிரலில், ஒன்று வந்தபின் 300 மில்லிசெக்கனுக்குள் வருவதை எல்லாம் தள்ளிவிடச் சொல்லுங்கள், 200 சுற்று வரை பாதிக்காது.

ஒருவருக்கு மட்டும் நாடி ஏறவே இல்லை

நிறுத்திவிட்டு, என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். பிரஷருக்கோ இருதயத்துக்கோ பீட்டா புளொக்கர் எடுப்பவர்களுக்கு நாடி அடங்கியே இருக்கும், கணக்கு அவர்களை விளையாட்டு வீரர் என்று காட்டும். இலக்கம் கொடுக்க வேண்டாம். இந்தக் கேள்வியை ஏற்றுவதற்கு முதலே கேட்டிருக்க வேண்டும், நெஞ்சுவலி, தலைசுற்று, மயக்கம் வந்ததுண்டா என்பதோடு சேர்த்து. ஒன்றுக்காவது ஆம் என்றால் வைத்தியரிடம் காட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். நடுவில் நெஞ்சு இறுகினாலோ, முகம் வெளிறினாலோ, கதைக்கத் தடுமாறினாலோ உடனே நிறுத்தி 1990க்கு அழையுங்கள், அந்த அம்புலன்ஸ் இலவசம். இலக்கத்தைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் ஏதோ சரியில்லை

உங்கள் குழுவில் ஒருவரையே அளவுகோலாக வையுங்கள். நான்தான் எங்களுடையது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆக்கள் வர முதல், காலை ஆறரைக்கு, அதே சைக்கிள், அதே பாரம், 50 சுற்று, 6 நிமிடம். 5ஆம், 6ஆம் நிமிட நாடி இரண்டுக்கும் வித்தியாசம் 5க்குள் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் இன்னும் ஒரு நிமிடம் ஓட்டுவேன். அந்த நாடி போன கிழமைகளோடு ஒத்துப்போனால் கதவைத் திறக்கிறோம். ஒத்துப்போகாமல், எனக்குக் காய்ச்சலோ நித்திரைக் குறைவோ இல்லையென்றால், அன்று சைக்கிளில் ஒருவரையும் ஏற்றாமல் பெட்டியில் மட்டும் செய்துவிட்டு, பின்னேரம் பெல்ட்டைக் கழற்றி முதலில் இருந்து தொடங்குவோம்.